உள்ளே இருப்பவரின் எடை

என் அண்ணன் ஒரு கொதிகலனுக்குள் இருக்கிறான். வாரியத்தின் கணக்கில் அவன் இன்னும் வேலையில் இருக்கிறான். இரண்டும் உண்மை என்பதால் எங்களால் யாரோடும் சரியாகச் சண்டை போட முடியவில்லை.

மூடிக் கிடக்கும் ஆலைகளிலிருந்து கனமான பழைய இரும்பை ஏற்றிக்கொண்டு போய் உருக்காலையில் இறக்குவது எங்கள் தொழில். லாரி என்னுடையது. மதிப்புப் போடுவது அண்ணன். ஒரு இரும்பைத் தூக்குவதற்கு முன்னால் அது எத்தனை டன் இருக்கும் என்று யாராவது சொல்லியாக வேண்டும். குறைத்துச் சொன்னால் கிரேன் கவிழும், இல்லாவிட்டால் பாதி வழியில் லாரி அச்சு முறியும். அண்ணன் நீளத்தை அளப்பான், சுற்றளவை அளப்பான், பிறகு சின்னச் சுத்தியலால் தகட்டைத் தட்டுவான். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி ஒரு தட்டு. சத்தத்திலேயே தடிமன் தெரியும் என்பான். பாதி நேரம் தப்பாகத்தான் சொல்வான். ஒப்புக்கொள்ள மாட்டான். லாரி எடை மேடையில் ஏறி வேறு எண்ணைக் காட்டினால், மேடை பழுது என்பான்.

அப்போது கன இரும்பு எடை மதிப்பீட்டு வாரியம் புதிதாக வந்திருந்தது. எங்கோ ஒரு கிரேன் சாய்ந்து ஒரு மந்திரியின் காரை நசுக்கியிருக்கிறது. காரில் யாரும் இல்லை. இருந்தாலும் கார் மந்திரியுடையது. அதனால் இனி எந்தக் கன இரும்பையும் வாரியம் எடை சொல்லாமல் யாரும் தூக்கவோ நகர்த்தவோ கூடாது என்று சட்டம் ஆயிற்று. வாரியத்தில் எடை சொல்லத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. ஆகவே அண்ணன் மாதிரி ஆட்களைத் தற்காலிக அளவர் என்று நியமித்துக் கழுத்தில் அட்டை மாட்டினார்கள். அண்ணன் அந்த அட்டையைக் கழற்றாமல் தூங்கினான். "ராத்திரி திரும்பிப் படுத்தா கன்னத்துல குத்துது தம்பி, அரசாங்கத்தோட குடும்பம் நடத்தற மாதிரி இருக்கு" என்றாள் அண்ணி.

நூற்பாலையின் பின்முற்றத்தில் அந்தக் கொதிகலன் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. என் லாரியைவிட ஒன்றரை மடங்கு நீளம். இருபக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். விலாவில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் துளை. வெளியே துரு ஏறியிருந்ததால் தட்டிய சத்தம் அண்ணனுக்குப் பிடிபடவில்லை. நாடாவையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு துளை வழியாக உள்ளே இறங்கினான். மழையில் ஊறிய மரக்கட்டைகளில் ஒன்று நசுங்கியது. கொதிகலன் தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பது போல, அவசரமே இல்லாமல் புரண்டது. துளை மண்ணுக்கு அடியில் போயிற்று.

"அண்ணே, அடிபட்டுச்சா?" என்று கத்தினேன்.

"அசைக்காதே. நான் இன்னும் அளந்து முடிக்கல" என்றது உள்ளிருந்து குரல்.

அவன் பேசி நான் கேட்ட கடைசி வாக்கியம் அது. கேட் காவலாளியும் கேட்டான். பிற்பாடு அது எங்களுக்கு எதிரான சாட்சியமாக ஆயிற்று.

நான் ஓடிப்போய்க் கிரேன்காரரைக் கூட்டிவந்தேன். காவலாளி கேட்டைத் திறக்கவில்லை.

"எடைச் சீட்டு இருக்கா அண்ணே?"

"உள்ள ஆள் இருக்கான்யா. நீதானே பார்த்தே."

"ஆளுக்குச் சீட்டு வேண்டாம் அண்ணே. கிரேனுக்குத்தான் வேணும்."

அவன் கெட்டவன் இல்லை. சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கிரேன்காரர் கொஞ்ச நேரம் எஞ்சினை அணைக்காமல் நின்றார். பிறகு டீசல் போகிறது என்று போய்விட்டார். தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். அவர்களும் சீட்டைத்தான் கேட்டார்கள்.

வாரியத்திலிருந்து இளநிலை மதிப்பீட்டாளர் வந்தார். வயதில் என்னைவிடச் சின்னவர். மண் படாமல் ஷூவைத் தூக்கித் தூக்கி வைத்துக் கொதிகலனை ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளே இரண்டு தட்டு, நிறுத்தம், ஒரு தட்டு கேட்டது.

"யார் தட்டறது?"

"எங்க அண்ணன் சார். உங்க அளவர்தான்."

"அளந்துட்டாரா?"

"நீளம் வெளிய அளந்தாச்சு. தடிமன் உள்ள அளந்துகிட்டு இருந்தான்."

"அப்ப வெளிய வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க. தடிமனுக்கு அளந்தவர் கையெழுத்து இல்லாம நான் எடை போட முடியாது."

"அவன் வெளிய வரணும்னா இதைத் தூக்கணும் சார்."

"தூக்கணும்னா எடை வேணும்" என்றார். சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. கதவும் சட்டமும் இடைவெளி இல்லாமல் பொருந்துவதைப் பார்க்கிற தச்சனின் முகம் அது. "பாருங்க தம்பி, நாங்க இருக்கறதே விபத்து நடக்கக்கூடாதுன்னுதான். சீட்டு இல்லாம தூக்கி ஒருத்தருக்கு ஏதாவது ஆயிட்டா?"

மறுநாள் கேஸ் கட்டர் வைத்து வெட்டுகிறவரைச் சுவர் ஏறிக் குதிக்க வைத்தேன். தகட்டில் ஒரு விரல் நீளம் வெட்டுவதற்குள் பிடித்துவிட்டார்கள். மதிப்பீட்டில் இருக்கும் பொருளின் எடையைக் குறைக்க முயன்றது குற்றம். துளைக்கு அடியில் மண்ணைத் தோண்டலாமா என்று கேட்டேன். தோண்டினால் உருளும், உருண்டால் நகர்த்தியதாக அர்த்தம் என்றார்கள். கொதிகலனைச் சுற்றிக் கம்பி கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். காவலுக்கு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

நாங்கள் விடாமல் கெஞ்சியதில் வாரியத்திலிருந்து ஒரு குழு வந்தது. குழு வருவதற்குள் அண்ணி அந்தத் தகட்டில் வாயை வைத்து, வீட்டில் தண்ணீர் வந்தது, தண்ணீர் நின்றது, பக்கத்து வீட்டுக்காரி கொடுக்க வேண்டிய குடத்தைக் கொடுக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். பதிலுக்குத் தட்டும் சத்தம் மட்டும்தான். குழுவினர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கொதிகலனைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் தோன்றியதை எழுதி மடித்துக் கொடுத்தார்கள். ஒருவர் முப்பது டன் என்றார். ஒருவர் மூன்று. ஒருவர் எண்ணைப் போடாமல் "கனம்" என்று எழுதியிருந்தார். தலைவரின் எண்ணை மூன்று பேர் சொன்னதாகக் கணக்கிட்டுச் சராசரி எடுத்ததில் பன்னிரண்டு டன் வந்தது.

"இது தற்காலிக எடை" என்றார் தலைவர். "தடிமன் தெரிஞ்சதும் இறுதி எடை சொல்வோம். தற்காலிக எடையை வச்சுத் தூக்கக்கூடாது. ஆனா தெரிஞ்சு வச்சுக்கலாம்."

அதற்கப்புறம் வாசனை வந்தது. அதைப் பற்றிச் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. சுகாதாரத் துறை ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து சுண்ணாம்புத் தூள் போட்டுவிட்டுப் போனார். அண்ணி அந்த நாட்களிலும் வந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு வாசனை நின்றது.

தட்டுவது நிற்கவில்லை.

மத்தியான வெயிலில் கேட்டது. இரண்டு, நிறுத்தம், ஒன்று. மதிப்பீட்டாளரிடம் சொன்னபோது, சூட்டில் இரும்பு விரியும் என்றார். மழையிலும் கேட்கிறதே என்றேன். குளிரில் சுருங்கும் என்றார். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் மேகம் மூடிய ஒரு நாளில் அவரையே கூட்டிப்போய்க் கேட்க வைத்தேன். நெடுநேரம் கேட்டார். "பழகிடுச்சு" என்றார். காவலாளி மாற்றல் கேட்டு மனுப் போட்டான். மனுவில் காரணம் எழுத வேண்டும் என்றார்கள். அதை எழுத அவனுக்குக் கை வரவில்லை. அங்கேயே இருந்தான்.

இறப்புச் சான்றிதழ் கேட்டு அண்ணி வாரியத்துக்குப் போனாள். நானும் போனேன். அண்ணி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள். எதிரே மேஜையில் காகிதம் கோணலாக இருந்தால்கூட அவள் கை தானாகப் போய் நேராக்கும். அங்கே நிறைய வேலை இருந்தது.

"வேலை நடந்துகிட்டு இருக்கும்மா" என்றார் மதிப்பீட்டாளர். "அவரே சொல்லியிருக்கார், இன்னும் அளந்து முடிக்கலன்னு. சாட்சி இருக்கு. முடிச்சுட்டேன்னு அவர் எப்பவாவது சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப எப்படி நாங்க போயிட்டார்னு சொல்ல முடியும்? இன்னைக்குக்கூடத் தட்டறாரே."

"இரும்பு விரியுதுன்னு சொன்னீங்களே."

"அது பொறியியல் பிரிவோட கருத்து. நான் பேசறது பணியாளர் பிரிவுக்காக."

வெளியே வந்து அண்ணி படியில் உட்கார்ந்தாள். "வாழ்ந்த காலத்துலயும் மனுஷன் நேரத்துக்கு வீட்டுக்கு வந்ததில்ல. நான் திட்டுவேன். இப்ப அவருக்குச் சாக்குச் சொல்ல ஒரு ஆபீஸே வச்சிருக்காங்க" என்றாள். அவள் விதவையும் இல்லை, மனைவியும் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அவனை எடுத்து, துடைத்து, ஒரு துணியில் சுற்றி மண்ணில் வைக்க வேண்டும். "எலும்பா இருந்தாலும் பரவாயில்ல தம்பி. எடுத்துக் கொடு" என்றாள். வேறு எதையும் என்னிடம் அவள் கேட்டதில்லை.

வருடம் திரும்பியது. கொதிகலன் மீது வாரியம் ஓர் அறிவிப்பு ஒட்டியது. தடிமன் அளவைச் சமர்ப்பிக்கத் தாமதம் செய்வது ஏன் என்று அண்ணனிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். ஒட்டுகிறவன் அண்ணன் படிக்க வசதியாக இருக்கட்டும் என்றோ என்னவோ, துளை இருந்த பக்கமாகக் கீழே ஒட்டியிருந்தான். அதில்தான் பார்த்தேன். தற்காலிக எடை ஆறு டன் என்று இருந்தது.

எழுத்துப் பிழை என்று நினைத்துக் கணக்குப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த அம்மாள் என்னை உட்காரச் சொன்னார். அந்தக் கட்டடத்தில் என்னை உட்காரச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

"பிழை இல்லப்பா. பழைய இயந்திரத்துக்கெல்லாம் வருஷத்துக்குப் பாதி தேய்மானம். பன்னெண்டுல பாதி ஆறு."

"அது விலைக்குத்தானேம்மா? இது எடை."

"எங்களுக்கு வர்றது எண். அது விலையா எடையான்னு பார்க்க ஆரம்பிச்சா வேலை ஓடாது."

"இரும்பு அப்படியேதான் கிடக்கு."

"துருப்பிடிக்குதுல்ல?" என்றார். பிறகு சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு ஒரு வழி சொல்றேன். ஐம்பது கிலோவுக்குக் கீழ போற எதுக்கும் சீட்டே வேண்டாம். யார் வேணா தூக்கிட்டுப் போகலாம். அது சட்டத்துலயே இருக்கு. பொறுமையா இரு. இது தானா அங்க போய்ச் சேரும்."

சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொன்னால், வீட்டுக்குப் போகும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அண்ணியிடம் சொன்னேன். அவள் விரலை மடக்கிப் பாதி, அதில் பாதி என்று எண்ணினாள். அண்ணன் போன பிறகு எங்களுக்குக் கிடைத்த முதல் நம்பிக்கை அது.

நம்பிக்கைக்கு ஒரு குணம் உண்டு. அது கண்ணையும் காதையும் மாற்றிவிடும். எடை ஒன்றரை டன்னுக்கு இறங்கிய வருடம் கொதிகலன் எனக்குக் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. அதன் மேல் காக்கை உட்கார்ந்தால் அசைகிற மாதிரி இருந்தது. "சத்தம் மெலிஞ்சிருக்கு, கேட்டியா? முன்ன கிண்ணுன்னு கேக்கும், இப்ப தகர டப்பா மாதிரி கேக்குது" என்றாள் அண்ணி. காற்று பலமாக அடித்த ஒரு நாள், பறந்துவிடுமோ என்று பயந்து நான் ஆலைக்கு ஓடினேன். காவலாளியும் அதையே நினைத்து ஒரு கல்லை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எடை குறையக் குறைய மதிப்பீட்டாளரின் பதவி ஏறியது. இளநிலை முதுநிலை ஆயிற்று. பிறகு துணைத் தலைவர். எடை நாற்பத்தாறு கிலோ சொச்சம் ஆன வருடம் அவர் வாரியத்தின் தலைவர்.

அன்று முற்றத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று நான் ஒரு கிரேனைக் கொண்டுவந்திருந்தேன். கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐம்பது கிலோவுக்குக் குறைந்தவை கையால் தூக்கும் பொருள்கள், அவற்றுக்குக் கிரேன் வைப்பது வீண் செலவு, அதற்கும் விதி இருந்தது. அண்ணி சலவைக்கூடத்திலிருந்து ஒரு வெள்ளை விரிப்பைக் கொண்டுவந்திருந்தாள். துவைத்து, பெட்டி போட்டு, நான்காக மடித்து மார்போடு வைத்திருந்தாள்.

தலைவர் பேசினார்.

"இந்தக் கொதிகலன் எங்க கைக்கு வந்தப்ப பன்னிரண்டு டன். ஒரு கிரேன் இல்லை. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஒரு தொழிலாளி வேர்வை சிந்தல. வெறும் நிர்வாகத்தால மட்டும் இதை நாற்பத்தாறு கிலோவுக்குக் கொண்டுவந்திருக்கோம். இந்த முற்றத்துல இத்தனை வருஷத்துல ஒரு விபத்துகூட நடக்கல. ஏன்னா ஒரு வேலைகூட நடக்கல. பாதுகாப்புன்னா இதுதான்."

கை தட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் உள்ளேயும் தட்டியது. இரண்டு, நிறுத்தம், ஒன்று. முன்வரிசையில் சிலர் அதற்கும் கை தட்டினார்கள்.

எனக்கும் அண்ணிக்கும் ஆளுக்கு ஒரு ஜோடித் தோல் கையுறை கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். முத்திரையை உடைத்தார்கள். நான் ஒரு முனைக்குப் போனேன், அண்ணி விரிப்பை நாற்காலியில் வைத்துவிட்டு மறுமுனைக்குப் போனாள். இருவரும் குனிந்தோம். நான் என்ன நினைத்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. தூக்கிவிடுவோம் என்றுதான் நினைத்தேன். ரொம்ப வேகமாகத் தூக்கிக் கீழே போட்டுவிடக்கூடாது, உள்ளே இருப்பவனுக்கு அடிபடும் என்று நினைத்தேன்.

"மெதுவா தம்பி" என்றாள் அண்ணியும்.

தூக்கினோம். என் முதுகில் ஏதோ ஒன்று பிசகியது. கொதிகலன் அப்படியே கிடந்தது. மறுபடி தூக்கினோம். அண்ணியின் செருப்பு மண்ணில் வழுக்கிய சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது.

தலைவர் கலங்கவில்லை. கணக்குப் பிரிவு அம்மாளை அழைத்துக் காதோடு காதாகப் பேசினார். பிறகு எங்கள் பக்கம் வந்தார். அந்தப் பழைய திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

"பாய்லர் நாற்பத்தாறு கிலோ. அதுல எந்தச் சந்தேகமும் இல்ல. ரெண்டு பேரால தூக்க முடியலன்னா மீதி எடை பாய்லரோடது இல்ல. உள்ள என்ன இருக்கு?"

எல்லோரும் கொதிகலனைப் பார்த்தார்கள். கடைசியில் நான்தான் சொன்னேன். "எங்க அண்ணன்."

"அப்ப அவர்தான்."

"அவன் அறுபது கிலோகூட இல்ல சார்."

"அது அப்ப. பாய்லர் சொத்து, அதுக்குத் தேய்மானம் உண்டு. உங்க அண்ணன் பணியாளர். பணியாளருக்குத் தேய்மானம் கிடையாது தம்பி, அனுபவம் ஏறும். இத்தனை வருஷமா ஏறியிருக்கு." அவர் விரலால் காற்றில் கழித்துப் பார்த்தார். "கிட்டத்தட்ட பன்னிரண்டு டன் ஆயிட்டார்."

"இப்ப என்ன செய்யறது?"

"ஆளோட எடை எங்க வாரியத்துக்குள்ள வராது. அது குடும்ப விஷயம். முதல்ல நீங்க உங்க ஆளை வெளிய எடுங்க. எடுத்துட்டீங்கன்னா பாய்லரை நீங்க ரெண்டு பேருமே தூக்கிடலாம். நாங்க குறுக்க நிக்க மாட்டோம்."

ஒலிபெருக்கியை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். நாற்காலிகளை அடுக்கினார்கள். அண்ணியின் விரிப்பு இருந்த நாற்காலியையும் எடுத்தார்கள். விரிப்பை அவள் கையில் கொடுத்தார்கள்.

"பன்னெண்டு டன்னு" என்றாள் அண்ணி, தகட்டைப் பார்த்துக்கொண்டே. "இத்தனை கனத்தோட இந்த மனுஷன் என் பக்கத்துல எப்படிப் படுத்துக் கிடந்தாரு? கட்டில் ஒரு நாள்கூட முனகல தம்பி."

பிறகு ஒருவன் வந்து கையுறைகளைத் திருப்பிக் கேட்டான். அவை வாரியத்தின் சொத்து, அவற்றுக்கும் தேய்மானம் இருந்தது. கழற்றிக் கொடுத்தோம். கார்கள் போயின. காவலாளி மட்டும் கேட்டருகே முதுகைக் காட்டி நின்றான்.

அண்ணி விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தாள். நானும் குனிந்தேன். அரக்கு முத்திரைக் கம்பி இல்லாமல், கையுறை இல்லாமல், அந்த இரும்பை நாங்கள் தொட்டு வருடக்கணக்காகியிருந்தது. மேல்பக்கம் நிழல் விழுந்து குளிர்ந்திருந்தது. வெயிலே படாத அடிப்பக்கத்தில், மண்ணை ஒட்டிய இடத்தில், தகடு வெதுவெதுப்பாக இருந்தது. நான் கையை எடுக்கப் பார்த்தேன். அண்ணி எடுக்கவில்லை.

எங்கள் உள்ளங்கைக்கு நேர் எதிரே, அந்தப் பக்கத்திலிருந்து, இரண்டு தட்டு வந்தது. அப்புறம் நிறுத்தம். நிறுத்தம் நீண்டுகொண்டே போயிற்று. இவ்வளவு நேரம் அவன் எப்போதும் எடுத்துக்கொண்டதில்லை.

அண்ணி விரலை மடக்கி, மூன்றாவது தட்டைத் தட்டினாள்.